"இனிப் பயனில்லை" என்று யார் சொல்வது?

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"இனிப் பயனில்லை" என்று டாக்டர் சொல்கிறார். அதைக் கேட்டு நாம் தலையசைத்தால் பாவமா? இந்தக் கேள்வியை ஒரு கத்தோலிக்கக் குடும்பம் நீதிமன்றம் வரை கொண்டுசென்றது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம். 1975 ஏப்ரலில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் மூச்சு நின்று, மூளை பெரிதும் சேதமடைந்து, நினைவிழந்தாள். சுவாசக் கருவி மூச்சுக் கொடுத்தது, நினைவு திரும்பவில்லை. பெற்றோர் பங்குக் குருவிடம் ஆலோசனை கேட்டனர். அசாதாரண மருத்துவ முறைகளைக் கையாண்டே தீரவேண்டிய கடமை இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே மருத்துவர்களுக்குக் கூறியிருந்தார். கருவியை அகற்றும்படி பெற்றோர் கேட்டனர். மருத்துவர்கள் மறுத்தனர், கீழ்நீதிமன்றமும் மறுத்தது.

1976 மார்ச் 31-இல் மாநில உச்சநீதிமன்றம் வழி திறந்தது. நினைவு திரும்பும் நியாயமான வாய்ப்பு இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்யவேண்டும். மருத்துவமனையின் அறநெறிக் குழு அதை ஏற்கவேண்டும். தந்தையும் குடும்பத்தாரும் இசையவேண்டும். அப்படியானால் கருவியை அகற்றுவது குற்றமாகாது என்றது.

கருவியை அகற்றினார்கள். மகள் உடனே இறப்பாள் என்று பலர் எண்ணினர். அவளோ தானாகவே மூச்சு விட்டாள்! குழாய்வழி உணவை நிறுத்தப் பெற்றோர் கேட்கவில்லை. 1985 ஜூன் வரை, ஒன்பது ஆண்டுகள் உயிரோடிருந்தாள்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. பயனற்றது என்று தீர்ப்பானது சிகிச்சை. அந்தப் பெண்ணின் உயிர் அல்ல. அந்தப் பெற்றோர் மகளைக் கைவிடவில்லை, கருவியைத்தான் கைவிட்டார்கள்.

நம் நாட்டில் உச்சநீதிமன்றம் 2018-இல் இதற்கு வழிவகுத்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. மும்மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து இசையவேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவேண்டும். குழு மறுத்தால் உயர்நீதிமன்றம் செல்லலாம். ஊசி போட்டு உயிரைப் போக்குவதோ இன்றும் குற்றம்.

அன்பர்களே, நினைவோடு இருக்கும்போதே நம் விருப்பத்தை இரண்டு சாட்சிகள் முன் எழுதி, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெறலாம். எழுதாவிட்டாலும் வீட்டாரிடம் பேசிவையுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகள் மேல் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள்.

கருவி நின்றபின்னும் வலிக்கு மருந்து உண்டு. வறண்ட உதட்டை நனைக்க நம் கை உண்டு. அதற்கு மட்டும் எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டாம்.