தட்டிப் பார்க்கும் கம்பி



பட்டம் பெற்ற உங்களில் பலர் இந்த வாரமே மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு நேர்காணலுக்குப் போவீர்கள். முந்தின இரவு தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியபோது நான் கல்லூரியில் கடைசி வருடம். சுரங்கச் சங்கு ஊதாத ஊரிலிருந்து, கடன் வாங்கிய சட்டையோடு கிளம்பினேன்.

முதல் மூன்று நேர்காணலிலும் "எந்த ஊர்?" என்ற கேள்வியிலேயே சறுக்கினேன். "பெங்களூர் பக்கம்" என்றேன். மூடிப்போன ஊர், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு, தமிழ் வாடை அடிக்கும் ஆங்கிலம் எல்லாம் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். ஊரை ஒளித்த பிறகு, தெரிந்த பதில்கூட வாயில் வரவில்லை. மூன்று முறையும் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

என் தாத்தா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அடியில் பாறை கொதிக்கும்; எப்போது வெடித்துச் சிதறும் என்று சொல்ல முடியாது. "பயமா இருக்காதா தாத்தா?" என்று கேட்டேன். "பயப்படாதவன்கூட நான் கீழ இறங்கமாட்டேன்டா" என்றார். வேலை தொடங்குமுன் மேற்பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அதை இடித்துத் தள்ளிய பிறகுதான் துளை போடுவார்கள். தாத்தாவின் பயத்துக்கு அப்படி ஒரு வேலை இருந்தது.

நான்காவது நேர்காணலுக்கு முந்தின இரவு நானும் தட்டிப் பார்த்தேன். பாடத்தில் பொத்தென்ற இடம் இரண்டு. அவற்றை மட்டும் விடியவிடியப் படித்தேன். மூன்றாவது, என் ஊர்ப்பெயர். நண்பனை எதிரே உட்காரவைத்து, "எந்த ஊர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சத்தமாகப் பதில் சொன்னேன். பிள்ளைகளே, இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் போதாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மறுநாள் கை வியர்த்தது. வியர்க்கட்டும் என்று விட்டேன். "கோலார் தங்க வயல்" என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். கேஜில் சுரங்கத்துக்குள் இறங்குவது, 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்த மின்சாரம், தாத்தாவின் கம்பி எல்லாம் சொன்னேன். அடுத்து அவர் கேட்ட ஒன்றுக்கு, "தெரியவில்லை சார்" என்றும் சொன்னேன்.

அந்த வேலை கிடைக்கவில்லை. திரும்பும் ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டுவதற்குள் புளிச்சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்திருந்தேன்.