ஓடைக் கல்லைப் புரட்டுங்கள்



ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைப் பற்றி ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செண்பகத்தோப்பை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டாம். மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று ஊரே விசாரிக்கிறது. அந்தத் தண்ணீரில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை. மாணவர்களே, அந்தக் கேள்வியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். தட்டை உடம்பும் நீண்ட வால் இழைகளும், வயிற்றோரம் படபடக்கும் செவுள்களுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது மேஃபிளையின் இளம்பருவம். பக்கத்திலேயே மணலையும் இலைத்துணுக்கையும் தன் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட கேடிஸ் புழு இருக்கும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் பிடித்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். காலையில் கொட்டிய கழிவு மதியத்துக்குள் அடித்துக்கொண்டு போய்விட்டால் சோதனையில் சிக்காது. இந்தப் பூச்சிகளோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே குடியிருப்பவை. ஆக்சிஜன் குறைந்தால் இவற்றில் பல முதலில் காணாமல் போகும். சிவப்புப் புழு மட்டும் மண்டும். அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு, சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நாம் ஷாம்பு பாக்கெட்டோடு ஆற்றில் இறங்குகிறோமே, அந்தக் கணக்கும் கல்லடியில்தான் ஏறுகிறது!

இதற்கெல்லாம் வெளிநாட்டு ஆய்வகம் வேண்டுமே என்பீர்கள். மதுரைக் கல்லூரியில் இருந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன், குற்றாலத்தின் பெயர் தாங்கிய ஒரு மேஃபிளையை 1984-ல் உலகுக்கு விவரித்தார். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறு ஓடைகளில் மனிதரின் கைவரிசையை நீர்ப்பூச்சிகளை வைத்தே அளந்து 2007-ல் எழுதினார்கள் தினகரனும் அன்பழகனும். வலை, வெள்ளைத் தட்டு, இடுக்கி, கைலென்ஸ், பென்சில். தொடங்க இவ்வளவு போதும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் பிள்ளைகளின் புராஜெக்ட் தண்ணீர் நன்றாக ஓடும் மூன்று மாதத்தில் முடிந்து, தங்க எழுத்து பைண்டிங்கோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. ஐப்பசி வெள்ளம் கல்லையெல்லாம் உருட்டிப் போட்ட பிறகு எந்தப் பூச்சி முதலில் திரும்புகிறது? சித்திரையில் ஓடை குட்டை குட்டையாக நின்றுபோகும்போது யார் பிழைக்கிறார்கள்? மலையேறுகிற பளியர் பழங்குடிப் பெரியவரிடம் கேட்டால் பாதி விடை கிடைக்கும். மீதிக்கு, ஒரே இடத்தில், மாதந்தோறும், ஒரு வகுப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த வகுப்பு எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

2021 முதல் நம் மலை புலிகள் காப்பகம். உள்ளே போக வனத்துறை அனுமதி கட்டாயம். அது கிடைக்கும்வரை காட்டுக்கு வெளியே முடங்கியாற்றில் தொடங்கலாம். கல்லூரி முதல்வர்களிடம் ஒரு கோரிக்கை: மாதந்தோறும் எண்ணி எழுதும் நோட்டுகளுக்கு நூலகத்தில் ஓர் அடுக்கை ஒதுக்குங்கள். பூட்டு வேண்டாம். அனுமதி விண்ணப்பம் எழுத வருகிற பிள்ளைகளுக்காகக் கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.