வலைத்தளத்தில் வழி கூறும் முறை



மாதுங்காவில் வாழும் அன்பர் ஒருவர், தம் இல்லத்திற்கு வழி கேட்கும் நண்பருக்கு இருவகையாக விடை பகரலாம். “தாங்கள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு பின்னே வந்து வலப்புறம் திரும்புங்கள்” என்பது ஒன்று. “ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, இன்ன தெரு, இன்ன எண்” என்பது மற்றொன்று. முன்னது கேட்பவர் நிற்குமிடத்தைப் பொறுத்தது; பின்னது எவர் கேட்பினும் மாறாதது. வலைத்தளம் அமைப்போர் தம் தளத்திற்குள் ஒரு பக்கத்தையோ படத்தையோ சுட்டும்பொழுது பெரிதும் கையாள்வன இவ்விரு முறைகளேயாம்.

முதலாவது சார்புப் பாதை. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டால், ‘ஒரு கோப்புறை மேலே செல்க’ என்று பொருள். யூனிக்ஸ் வழியே பரவிய இவ்வழக்கிற்கு, 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1808 என்னும் ஆவணம் இணையத்திற்கென விதி வகுத்தது. இரண்டாவது வேர்ப் பாதை. சாய்கோட்டில் தொடங்கித் தளத்தின் தலைவாயிலிலிருந்தே எண்ணுவது.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கம் ஒன்று தன் தளத்தை நடத்துகிறது என்று கொள்வோம். பொங்கல் விழாப் பக்கத்தைப் ‘பழைய நிகழ்ச்சிகள்’ என்னும் உட்கோப்புறைக்கு மாற்றினால், அதிலுள்ள சார்புப் பாதைகள் தடுமாறும். படங்கள் இருந்த இடம் வெறுமையாகும். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பட்டையிலும் இதே இடர் உண்டு. ஒரே வரி, பக்கத்தின் ஆழத்திற்கேற்ப வெவ்வேறு இடத்தைச் சுட்டும். வேர்ப் பாதைக்கு இத்தொல்லை இல்லை.

ஆயின், செலவைக் கருதி அத்தளத்தையே கிட்ஹப் பேஜஸில் ஒரு திட்டப்பணியாக வைத்தால் நிலைமை தலைகீழாகும். அங்கே தளம் முகவரியின் உட்கோப்புறையில் அமைகிறது. வேர்ப் பாதையோ அதற்கும் மேலே போய்த் தேடும். தெரு முழுவதும் பெயர்ந்தாலும் அண்டை வீடு அண்டை வீடாகவே இருப்பதுபோல, சார்புப் பாதை அங்கே பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு நுட்பமும் உண்டு; பலர் இதில்தான் திகைக்கின்றனர். சி.எஸ்.எஸ். கோப்பினுள் எழுதிய சார்புப் பாதை, அதை அழைத்த பக்கத்திலிருந்து அன்று, அந்தச் சி.எஸ்.எஸ். கோப்பு இருக்குமிடத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது.

சொந்த முகவரியில் நிலைத்த தளத்திற்கு வேர்ப் பாதையே ஏற்றது என்பது என் கருத்து. சங்கத்தின் ஆண்டு மலரைப் பென் டிரைவில் பதித்து, இணையமின்றிப் படிக்க உறுப்பினர்க்கு அளிப்பதாயின், சார்புப் பாதையைத் தவிர வேறு வழியில்லை. அங்கே வேர் என்பது தளத்தின் வேரன்று, கணினி வட்டின் வேர்.