வாழ்க்கை திசைமாறும் வேளையில் மனத்துக்கு ஒரு துணை

(தண்ணீர்மலையில் மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது, "இது டாக்டர் பேச வேண்டியதல்லவா? ஓய்வு பெற்ற வாத்தியாரை ஏன் அழைக்கிறீர்கள்?" என்று கமிட்டி நண்பர்களிடம் கேட்டேன். "டாக்டர் பேசினால் ஊசி போடுவார் என்று பயந்து பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். நீங்களே பேசுங்கள் ஐயா" என்றார்கள்.

கவுன்சலிங் என்றாலே அது பைத்தியத்துக்கு வைத்தியம் என்ற எண்ணம் நம்மவர் பலருக்கு உண்டு. நல்ல புத்தியோடு இருப்பவரையும் வாழ்க்கை மாற்றம் நிலைகுலையச் செய்யும். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற இரு ஆய்வாளர்கள் 43 வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, வேலை ஓய்வுக்கு 45. கல்யாணத்துக்கு 50! சிரிக்கிறீர்கள், நல்ல மாற்றமும் மனத்துக்குச் சுமைதான் என்பது அவர்கள் கண்டது. வீடு மாறுவதற்கு மட்டும் வெறும் 20 போட்டுவிட்டார்கள். பினாங்கில் 2000-ஆம் ஆண்டைப் பார்த்தவர் எவரும் இதை ஒப்பமாட்டார்.

1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 சனவரி முதல் தேதியோடு பாதுகாப்பு முடிந்ததை நீங்கள் அறிவீர்கள். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். காலையில் பஸ் ஏறி வந்து, பூட்டிக் கிடந்த பழைய வீட்டின் ஐந்தடியில் நின்றுவிட்டுத் திரும்புவார். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போயிற்று. அர்ச்சனை செய்தார்கள், இரத்தமும் சோதித்தார்கள். இரத்தத்தில் குறையில்லை.

கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்து ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் புத்திமதி எதுவும் சொல்லவில்லையாம். "ஐயா, அந்த வீட்டில் உங்களைத் தேடி யார் யார் வருவார்கள்?" என்று கேட்டாராம். அப்போதுதான் வந்தது விஷயம். அக்கம்பக்கத்தாருக்கு அரசாங்கக் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பாரம் நிரப்பிக் கொடுத்தவர் அவர். வீட்டோடு அந்த மரியாதையும் போயிருந்தது. புதிய இடத்தில் கடிதம் படிக்கத் தெரியாத ஒருவரையாவது கண்டுபிடித்து வாருங்கள் என்று அந்த அம்மாள் வாரப்பாடம் கொடுத்தார். பெரியவர் முன்போல் ஆகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பஸ் ஏறுவது வாரம் ஒருநாள் ஆயிற்று.

இதற்கென்றே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. கிளெர்மன், வைஸ்மன் என்ற இருவரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வகுத்தது. இழப்பின் துக்கம், உறவுச் சிக்கல் இவற்றோடு, வாழ்க்கையில் நம் 'இடம்' மாறுவதையும் அது தனியாக எடுத்துப் பேசுகிறது. பழைய இடத்துக்காக அழ விடுவார்கள். பிறகு புதிய இடத்தில் காலூன்ற உதவுவார்கள். பெரும்பாலும் 12 முதல் 16 வாரங்கள். கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசி வழிகாட்டினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் தேறியவர்கள் அதிகம் என்பது 2017-இல் வெளிவந்த ஆய்வின் முடிவு.

நம்மிடம் சடங்கு இல்லையா என்பீர்கள். உண்டு, நல்லதுதான். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள். பதினேழாம் நாள் அந்த அம்மாள் ஒற்றைக் கோப்பையில் தேநீர் கலக்குகிறாளே, அந்த நேரத்துக்குச் சடங்கு கிடையாது. "எல்லாம் அவன் செயல், மனத்தைத் தேற்றிக்கொள்" என்று நாமும் சொல்லிவிட்டுப் புறப்படுகிறோம். அதன்பின் அவள் வாய் திறப்பாளா?

போனவரைக் கவுன்சலிங் திருப்பித் தராது. வாடகையையும் குறைக்காது. மனச்சோர்வு கடுமையானால் மருந்தும் சேர்ந்தே வேண்டும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது, பினாங்கு பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கிறது. பணம் கொடுத்துப் போவதானால், 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஆலோசகர்தானா என்று கேளுங்கள். தமிழில் பேசுவாரா என்றும் கேளுங்கள். துக்கத்தை மொழிபெயர்த்துச் சொல்வது சிரமம்.

துணைக்கு ஆளில்லாமல் கிளினிக் போகத் தயங்குபவர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் என்னைப் பார்க்கலாம். அன்னதானக் கூடத்தின் பக்கத்தில்தான் இருப்பேன். யார் வந்தார் என்பதை என் வீட்டுக்காரியிடமும் சொல்லமாட்டேன்.