ஆறு வயதுப் பல்

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களோடு, முக்கியமாக ஒரு பல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்போது பால் பற்களுக்கெல்லாம் பின்னால், மேலும் கீழும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. அதனால் அது வந்ததே பலருக்குத் தெரியாது. அதில் கறுப்பு விழுந்தால், "பால் பல்தானே, விழுந்து முளைச்சுடும்" என்று விட்டுவிடுகிறோம். முளைக்காது. ஆயுசு முழுக்க மென்று தின்ன வேண்டிய பல் அது.

சீக்கிரம் சொத்தையாவதும் அதுதான். மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். பிஸ்கட்டும் மிட்டாயும் அதில் அடைந்துகொள்ளும். முழுதாக வெளியே வரப் பல மாதம் பிடிக்கும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருப்பதால், பிரஷ் அதைத் தொடாமலே மேலே போய்விடும். பிரஷ்ஷைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காக நுழைத்து அந்த ஒரு பல்லைத் தனியாகத் தேய்த்துவிட வேண்டும்.

மலையில் இதற்கு அவசரம் அதிகம். பல் வைத்தியத்துக்காகச் சேலம் இறங்குவதென்றால் 20 கொண்டை ஊசி வளைவு, பஸ் காசு, ஒரு நாள் கூலி. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எந்தத் தாயால் அந்த நாளை விட முடியும்? கன்னம் வீங்கிய பிறகு போனால், பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூரம் செய்கிற வேலை இது.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் கடைசிப் பல் வரை அது எட்டாது, சொத்தையைத் தடுக்கும் மருந்தான ஃபுளோரைடும் அதில் கிடையாது. சாம்பல், செங்கல் தூள் வேண்டவே வேண்டாம், பல்லின் எனாமல் தேய்ந்துபோகும். பற்பசை வாங்கும்போது அட்டையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். காலையில் துலக்குவதைவிட ராத்திரி துலக்குவது முக்கியம், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும் என்பதால்.

சொத்தை தொடங்கிவிட்டாலும் வழி உண்டு. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவினால் பெரும்பாலும் சொத்தை பரவாமல் நின்றுவிடும். அந்த இடம் மட்டும் கறுக்கும். இல்லையென்றால், சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி, கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டால் அடைக்கலாம். இரண்டுக்கும் மின்சாரமோ துளையிடும் கருவியோ தேவையில்லை. பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரவைத்தே பல் டாக்டர் செய்துவிடலாம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் இந்த இரண்டையும் ஃபுளோரைடு பற்பசையையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் ஊருக்கு மருத்துவ முகாம் வரும்போது, பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.