ஆட்டம் காண ஓர் இடம்

(வேலந்தாவளம் காலனியில், நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன்னர் இம்மேடையில் பேசியவர்கள் இலக்கியம், கல்வி, மொழி என்று பெரும்பொருள்களை எடுத்துப் பேசினார்கள். நான் பத்தாம் வகுப்புத் தேறி, பாலக்காட்டு இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலம் தள்ளுபவன். கோப்பு எழுதிப் பழகிய கைக்குக் காப்பியம் பேச வராது. ஆகவே எனக்குத் தெரிந்த சிறியதொரு பொருளை எடுத்துக் கொண்டேன். பெரிய ஆட்டம் ஒன்று நடைபெறும்போது, அதைப் பலரும் கூடியிருந்து காண நல்ல இடம் எது என்பதே அப்பொருள். "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று முன் வரிசையில் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகிறது. சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து உறவினர் ஒருவர் வந்திருந்தார். அவரைப் பாலக்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். 1766-ஆம் ஆண்டில் ஹைதர் அலி கட்டுவித்த கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். அகழியைக் கண்டார், ஆஞ்சநேயரைத் தொழுதார், கோட்டை மைதானத்தில் சிறுவர் பந்தாடுவதையும் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தவர், "மாலையில் கிரிக்கெட் இருக்கிறதே, இவ்வளவு பழைய ஊரில் ஆட்டம் பார்க்க நல்ல பார் எங்கே இருக்கிறது?" என்றார். நான் திகைத்துப் போனேன். தமிழில் பார் என்றால் காண் என்று பொருள். பார் என்றால் உலகம் என்றும் பொருள். இக்காலத்திலோ ஆட்டத்தைப் பார் என்றாலே மதுக்கூடத்திற்குப் போ என்று பொருளாகிவிட்டது!

நான் இங்கே கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஒப்புவிக்க வரவில்லை. தென்னை மரங்களுக்கு நடுவே வாழ்கிறோம். நம் சித்தூர்ப் பகுதியில் இறக்கும் கள் பிற மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போவதை நாள்தோறும் காண்கிறோம். அருந்துவோரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவ்விடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஒரு கணக்கரைப் போல வரவும் செலவுமாக எழுதிக் காட்டவே விரும்புகிறேன்.

அதற்கு என் சொந்த அனுபவமே சான்று. 2024 ஜூன் 29, சனிக்கிழமை. பார்படோசில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். அலுவலக நண்பர்கள் அழைத்தார்கள் என்று நகரத்து மதுக்கூடம் ஒன்றுக்குச் சென்றேன். முதலில் வரவுப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவர் அளவுக்குத் திரை. நெஞ்சு அதிரும் ஒலி. சாதி கேட்பாரில்லை, மொழி கேட்பாரில்லை. விராட் கோலி பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் அனுப்பியபோது, முன்பின் அறியாத மலையாள நண்பர் ஒருவர் என் தோளைத் தழுவிக் கொண்டார். அந்த ஒரு நொடிக்காகவே மனிதன் கூட்டத்தை நாடுகிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இனிச் செலவுப் பக்கம். நான் அருந்தியது எலுமிச்சைச் சோடா, நம்பினால் நம்புங்கள். சோடா தீர்ந்ததும் பணியாளர் வந்து அருகே நிற்பார். வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டார். ஆயினும் அடுத்தது என்ன என்பது அவர் பார்வையில் இருக்கும். வெறும் கையோடு அமர்ந்திருப்பவனுக்கு அங்கே இருக்கை உரிமை இல்லை. அதைக் குறை கூறவும் இயலாது, அது வாணிகம். எனினும் அன்றைய பெரிய இழப்பு அதுவன்று. அப்போது கேரளத்தில் மதுக்கூடங்களை இரவு 11 மணிக்கு அடைத்தாக வேண்டியிருந்தது. இந்தியா 176 ஓட்டங்கள் எடுத்து, தென்னாப்பிரிக்கா அதை விரட்டி நெருங்கிக் கொண்டிருந்த வேளை. மணி பதினொன்றாயிற்று. திரை அணைந்தது. விளக்குகள் அணைந்தன. இருநூறு கண்களும் தெருவுக்கு வந்தன!

சாலையோரத்தில் ஒருவருடைய கைபேசியைச் சூழ்ந்து நின்றோம். எனக்குக் கிடைத்த காட்சி முன்னால் நின்றவருடைய பிடரி. எல்லைக்கோட்டின் அருகே சூரியகுமார் யாதவ் பிடித்த அந்தப் பிடியை நான் கண்ணால் காணவில்லை. பிறர் எழுப்பிய கூச்சலைக் கொண்டு அறிந்தேன். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. நண்பரின் வண்டியில் பின்னால் அமர்ந்து, கொழிஞ்சாம்பாறை வழியாக ஊர் வந்து சேர நள்ளிரவு கடந்துவிட்டது.

வீட்டில் விளக்கு எரிந்தது. என் மகள் விழித்திருந்தாள். பள்ளியில் பந்து வீசுபவள் அவள். "அம்மா, வென்றோம்!" என்று கூவிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அவள் கேட்டாள்: "கடைசி ஓவர் பார்த்தீர்களா அப்பா?" இல்லை என்றேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு சொன்னாள்: "நீங்கள் கூட்டத்தோடு இருந்தீர்கள், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நான் ஆட்டத்தைப் பார்த்தேன், கூடக் கத்துவதற்கு யாரும் இல்லை."

அன்பர்களே! நான் கேட்ட சொற்பொழிவுகளில் எதுவும் இவ்விரண்டு வாக்கியங்களைப் போல் என்னைத் தைத்ததில்லை. கேரளத்தில் 23 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தத் தகப்பன் அங்கே நுழைவான்? அப்படியானால் கூடிக் களிக்கும் இன்பம் ஆண்களுக்கு மட்டும், அதிலும் கையில் காசுள்ள ஆண்களுக்கு மட்டும் உரியதா?

நம் முன்னோர் காலத்தில் இந்த இன்பம் எங்கே இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பொதுவிடத்தில் பஞ்சாயத்து வானொலி ஒலித்தது. தேநீர்க் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றபடியே கேட்டார்கள். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் நேர்முக வருணனையைக் கேட்டே மைதானத்தை மனக்கண்ணால் கண்டவர்கள் இச்சபையிலும் இருக்கிறார்கள். 1973-ஆம் ஆண்டு டிசம்பரில் எர்ணாகுளத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. கேரளம் முதல்முறையாக அக்கோப்பையை வென்றது. அணித்தலைவர் மணியே மூன்று கோல்களையும் அடித்தார். தோற்ற அணி எது தெரியுமா? எங்கள் இரயில்வே அணிதான்! கேரளத்தில் வாழும் இரயில்வே ஊழியன் எந்தப் பக்கம் கைதட்டுவது என்ற சங்கடம் அன்றே தொடங்கிவிட்டது. கேரளத்தார் அந்த வெற்றியை இன்றும் பேசுகிறார்கள். வானொலிக்கு முன் கூடி அதைக் கொண்டாடியவர்க்குச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை, சோடாவும் வேண்டியிருக்கவில்லை.

மதுக்கூடம் இல்லாவிடில் இக்காலத்து இளைஞர் எங்கே போவார்கள் என்று கேட்பவர் உண்டு. அதற்கும் விடை இருக்கிறது. 2014 ஏப்ரலில் கேரள அரசு 418 மதுக்கூடங்களின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தியது. அவை மூடிக்கிடந்த நிலையில்தான் ஜூன் மாதம் பிரேசிலில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்கிற்று. கேரளத்தில் ஆட்டம் பார்ப்பது நின்றதா? படிப்பகங்களிலும் மன்றங்களிலும் தெருமுனைகளிலும் திரை கட்டினார்கள். இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா ஜெர்மனியிடம் தோற்றபோது தெருத் தெருவாகக் கண்ணீர் விட்டார்கள்! 2017-இல் கொள்கை மாறிற்று, கூடங்கள் மீண்டும் திறந்தன. தெருத்திரைகள் மட்டும் மறையவில்லை.

2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின்போது கொச்சியை அடுத்த முண்டக்காமுகளில் 17 பேர் செய்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கூடியிருந்து ஆட்டம் பார்ப்பதற்காகவே 23 லட்சம் ரூபாய் திரட்டி ஒரு வீட்டை வாங்கிவிட்டார்கள். சிலர் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. இடம் வேண்டும் என்ற தாகம் எவ்வளவு பெரிது என்பதை அச்செயல் காட்டுகிறது. கடல் கடந்தும் இதே கதைதான். 2006-ஆம் ஆண்டில் பெர்லின் மாநகரின் தொன்மையான பிராண்டன்பர்க் வாயிலருகே நெடுஞ்சாலையை மறித்துப் பெருந்திரை எழுப்பினார்கள். கட்டணமின்றி லட்சக்கணக்கானோர் கண்டு மகிழ்ந்தார்கள். பழம்பெரும் நகரில் ஆட்டம் காணச் சிறந்த இடம் அந்நகரின் பொதுவெளியே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இனி நம் காலனிக்கு வருகிறேன். 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நவி மும்பையில். 2005-இலும் 2017-இலும் இறுதி வரை சென்று தோற்ற இந்திய மகளிர் மூன்றாம் முறையாக நின்ற நாள். ஒரு வாரம் முன்பே என் மகள் கேட்டாள்: "அப்பா, இதை எங்கே பார்க்கப் போகிறோம்?" எங்கே பார்ப்போம் என்றுதான் கேட்டாள், பார்ப்போமா என்று கேட்கவில்லை. அவளுக்கு நான் கடன்பட்டிருந்தேன்.

செயலாளர் அவர்களிடம் சென்று சங்கக் கூடத்தின் சாவியைக் கேட்டேன். படம் காட்டும் கருவி ஒன்றை இரவல் பெற்றோம். திரைக்கு என்னுடைய எட்டு முழ வேட்டியே போதுமானதாயிற்று. மும்பையில் மழை பெய்து ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒரு வீட்டிலிருந்து சுண்டல் வந்தது. மற்றொரு வீட்டிலிருந்து தேநீர் வந்தது. பக்கத்துத் தெரு மலையாளக் குடும்பங்களும் பாய் கொண்டுவந்து விரித்து அமர்ந்தார்கள். முன் வரிசையில் இருந்த பாட்டியார் ஒருவர், "இந்தப் பெண்கள் எல்லாம் பந்தடிக்க வந்துவிட்டால் வீட்டில் சோறாக்குவது யார்?" என்று கேட்டார்கள். தென்னாப்பிரிக்கத் தலைவி லாரா வோல்வார்ட் நூறு அடித்தபோது அதே பாட்டியார், "இவளை வெளியேற்ற நம்மில் ஒருத்தி இல்லையா?" என்று பதைத்தார்கள். ஒருத்தி இருந்தாள். தீப்தி சர்மா வோல்வார்ட்டையும் சேர்த்து ஐந்து பேரை வெளியேற்றினாள். நள்ளிரவை ஒட்டி, ஹர்மன்பிரீத் கவுர் பின்னோக்கி ஓடிக் கடைசிப் பந்தைப் பிடித்தபோது, 52 ஓட்டங்களில் கோப்பை நமதாயிற்று.

அப்போது என் அருகே ஒரு கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி! இத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் உரக்கக் கூவி நான் கேட்டதே இல்லை. என் மகளோ நான்கு வீட்டுப் பெண் குழந்தைகளோடு கைகோத்துக் குதித்துக் கொண்டிருந்தாள். கடன் தீர்ந்தது என்று எண்ணினேன். மறுநாள் மாலை அந்த ஐந்து பேரும் பழைய தென்னை மட்டையைச் செதுக்கிக்கொண்டு காலி மனைக்குப் போனதைக் கண்டபோது, அது கடன் அன்று, முதலீடு என்று உணர்ந்தேன்.

ஆதலால் சங்கத்திற்கு என் விண்ணப்பம் இது. ஒரு நாள் கூத்தாக முடிந்த அதனை நிலையான ஏற்பாடாக ஆக்க வேண்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை. வெள்ளையடித்த சுவர் ஒன்று, சொந்தமாக ஒரு கருவி, மின்சாரம் நின்றால் கைகொடுக்க ஒரு மின்கலம். இவற்றுக்கு முன்னதாகக் கூடத்தின் பின்புறம் பெண்களுக்கெனக் கழிப்பறை ஒன்று வேண்டும். அது இல்லாததால்தான் அன்று இடைவேளையில் சில தாய்மார்கள் வீடு சென்று திரும்ப நேர்ந்தது. முன் வரிசை குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் உரியது என்று விதி செய்வோம். குடித்து வருதலும் பந்தயம் கட்டுதலும் கூடாது என்போம். நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டாம். காட்சியை விற்பது ஒளிபரப்பு உரிமை பெற்றவர்க்கே உரியது. தேர்வுக் காலத்தில் ஒலியைக் குறைப்போம். கிரிக்கெட்டோடு நின்றுவிடாமல் கால்பந்தும் கபடியும் காட்டுவோம். 2026-ஆம் ஆண்டுக் கால்பந்து உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளுக்கு உரியது. அங்கு மாலை என்றால் இங்கு விடியற்காலை. இரவில் அடைக்கும் கூடத்தால் அந்த நேரத்தில் யாருக்கும் உதவ முடியாது. நம் கூடத்தின் சாவி நம் கையில் இருக்கிறது.

இனி ஒருமுறை அந்தச் சென்னை உறவினர் வந்து, ஆட்டம் பார்க்க நல்ல பார் எது என்று கேட்பாரானால், கோட்டையைக் காட்டியபின் அவரை வேலந்தாவளத்துக்கு அழைத்து வருவேன். நம் கூடத்தில் பாயில் அமர்த்தி, சுண்டலைக் கையில் கொடுத்து, சுவரைக் காட்டி, "பார்!" என்பேன்.