கடல் கடந்து ஒரு மக்காச்சோள அறுவடை

(பண்ணை ஒலிபரப்பில் பெரம்பலூர் மாவட்ட இளம் விவசாயி ஒருவர் நிகழ்த்திய உரை)



நான் மக்காச்சோளம் விளைகிற பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் பூமி, மூணு மாடு. மேல்படிப்புக்காக நியூசிலாந்து போன நான், படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலை விசாவில், 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு மக்காச்சோள அறுவடைப் பருவம் முழுக்க அங்கே டிராக்டர் ஓட்டினேன். அங்கே பார்த்ததையும், கற்றதையும், பட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஹாமில்டன் நகரைச் சுற்றியுள்ள வைக்காட்டோ பகுதியில். அது பால்மாட்டுச் சீமை. அந்த நாட்டில் ஒரு பண்ணைக்குச் சராசரியாக 400க்கு மேற்பட்ட மாடுகள் உண்டு. மாடுகள் வருஷம் முழுக்கத் திறந்தவெளியில்தான் மேயும். கோடையில் மழை குறைந்து புல் காய்ந்தால் பால் இறங்கிவிடும். குளிர்காலத்தில் புல் வளர்ச்சி மந்தமாகிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மக்காச்சோளம் போடுகிறார்கள். நாம் கதிரை ஒடித்து, மணியைக் காயவைத்து, கோழித் தீவனத்துக்கு விற்கிறோம். அவர்கள் செடி, இலை, கதிர் எல்லாவற்றையும் பச்சையாகவே வெட்டி நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, ஊறுகாய்ப் புல்லாக்கி வைக்கிறார்கள். சைலேஜ் என்று சொல்வது இதைத்தான்.

விதைப்பு அங்கே அக்டோபர், நவம்பர். நம்ம புரட்டாசி, ஐப்பசிப் பட்டம்தான். ஆனால் அவர்களுக்கு அது வசந்த காலம். நம்மைப் படாத பாடு படுத்துகிற படைப்புழு அங்கேயும் விட்டுவைக்கவில்லை. 2022இல் அந்த நாட்டுக்குள்ளும் அது புகுந்துவிட்டது.

இனி காண்ட்ராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். நறுக்கும் இயந்திரம் ஒன்றின் விலை கோடிக்கணக்கில் போகும். வருஷத்தில் ஒரே ஒரு நாள் தேவைப்படும் இயந்திரத்தை எந்தப் பண்ணைக்காரர் வாங்குவார்? ஆகவே காண்ட்ராக்டர் ஒருவர் இயந்திரம், டிராக்டர், டிரெய்லர், ஆள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகிறார். நெல் அறுவடைக்கு வெளி மாவட்டத்து இயந்திரங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரிதான். கூலி ஹெக்டேர் கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது நமக்கு ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எங்கள் கோஷ்டியில் ஒன்பது பேர். அயர்லாந்துப் பையன்கள் மூன்று பேர், உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர், நம்ம ஊர்க்காரன் நான் ஒருவன்.

ஊரில் நான் ஓட்டியது 45 குதிரைசக்தி வண்டி. அங்கே கொடுத்தது 200 குதிரைசக்தி வண்டி. பின்னால் பக்கப் பலகை உயர்த்திய பெரிய டிரெய்லர். ஒரு நடைக்கு 12 டன் ஏறும். நறுக்கும் இயந்திரம் வயலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதன் வளைந்த குழாயிலிருந்து நறுக்கல் அருவி மாதிரி கொட்டும். நாம் அதற்கு இணையாக, அதே வேகத்தில், பக்கத்திலேயே டிராக்டரை ஓட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தீனி தரையில்தான் கொட்டும். ஒரு டிரெய்லர் நிறைந்ததும் அடுத்தது வந்து நிற்கவேண்டும், இயந்திரம் நிற்கக்கூடாது. நல்ல நாளில் ஐம்பது ஏக்கர் வரை முடித்தோம்.

"பெரிய வண்டி, பெரிய வயல், இதிலே நமக்கு என்னப்பா இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, வெட்டும் பக்குவம். காண்ட்ராக்டர் வயலுக்குள் இறங்கியதும் நாலு இடத்தில் கதிரை ஒடிப்பார். கதிரைக் குறுக்கே இரண்டாக உடைத்து மணியைப் பார்ப்பார். மணியின் வெளிமுனை மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருக்கும். சக்கைப் பக்கம் வெள்ளையாகப் பால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். அதற்குப் பால்கோடு என்று பெயர். அந்தக் கோடு மணியில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இறங்கியிருந்தால் வெட்டலாம். அப்போது முழுச் செடியில் நூற்றுக்கு 32 முதல் 38 பங்கு வரை உலர்பொருள் இருக்கும், மீதி தண்ணீர். முன்னாலேயே வெட்டினால் சாறு ஒழுகிச் சத்துப் போய்விடும். பிந்திவிட்டால் தட்டை காய்ந்து, அழுத்தினாலும் படியாமல் பூஞ்சணம் பிடிக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கதிரை உடைத்துப் பார்க்கிற கண் போதும்.

இரண்டாவது, மிதிப்பு. நறுக்கல் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் விழும். மணிகளும் நசுங்கியிருக்க வேண்டும். முழுமணியாக விழுந்தால் சாணியோடு போய்விடும். டிரெய்லர் வந்து கொட்டக் கொட்ட, அரை அடி கனத்துக்குப் பரப்பி, கனமான டிராக்டரை ஏற்றி ஏற்றி மிதிக்கிறார்கள். காற்று வெளியேறினால்தான் புளிப்பு ஏறும்; புளிப்பு ஏறினால்தான் தீனி கெடாது. நம் வீட்டில் ஊறுகாய் ஜாடியை அமுக்கி மூடுகிறோமே, அதே சூத்திரம்தான். அங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள்: மணிக்கு ஒரு டன் தீனி வந்தால், மிதிக்கும் வண்டியின் எடை 400 கிலோ இருக்க வேண்டும். நம் ஊர் டிராக்டர் ஏறக்குறைய இரண்டு டன். அப்படியானால் மணிக்கு ஐந்து டன் வரை அது தாங்கும். அதற்கு மேல் அவசரப்பட்டுக் கொட்டினால் கெடுதல்தான். வேகத்தை மிதிப்பவன் தீர்மானிக்க வேண்டும், வெட்டுபவன் அல்ல. கடைசியில் பிளாஸ்டிக் தாள் போர்த்து, மேலே பழைய டயர்களை நெருக்கமாக அடுக்கி, நாலு முதல் ஆறு வாரம் திறக்காமல் விடுகிறார்கள்.

மூன்றாவது, உயிர்ப் பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

அங்கே முதல் நாள் காலையில் டிராக்டர் சாவியைத் தரவில்லை. பாடம்தான் நடந்தது. இயந்திரத்தில் அடைப்பு என்றால் எஞ்சினை நிறுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடு, சுழல்வது நின்ற பிறகுதான் கையை வை. டிரெய்லரைத் தூக்குமுன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா பார். தீனிக் குவியலின் ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுபோகாதே. சரிந்தால் வண்டி உருளும். பெல்ட் போடாமல் ஓட்டாதே. இவ்வளவும் நமக்குப் புதிதா? தட்டு வெட்டும் இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவர்கள் இல்லாத ஊர் உண்டா?

ஆனால் யாரும் சொல்லித்தராத ஒன்றை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். மழை வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று இரவு பகலாக ஓடினோம். ஓய்வில்லாமல் பதினோராவது நாள். இரவு பதினோரு மணிக்கு மேல், நிறைந்த டிரெய்லரோடு கிராமத்து ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். கண் சொருகியது எனக்குத் தெரியாது. இடது சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, சாக்கடை ஓரத்தில் தடதடவென்று அடித்தபோதுதான் விழித்தேன். எதிரே ஒரு வண்டி வந்திருந்தால், அல்லது இன்னும் ஒரு அடி இறங்கியிருந்தால், இந்த உரையை நிகழ்த்த நான் இருக்கமாட்டேன்.

சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வங்கியில் படிப்புக் கடன் நிற்கிறது, அப்பா ஊரில் காத்திருக்கிறார். இருந்தாலும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். காண்ட்ராக்டர் தானே வந்தார். திட்டவில்லை. "தூக்கம் வந்தால் உடனே சொல். ஒரு டிரெய்லர் குறைந்தால் வேலை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்" என்றார். என்னைப் படுக்க அனுப்பிவிட்டு அவரே ஓட்டினார். மறுநாளிலிருந்து இரவு வேலைக்கு ஆள் மாற்றி மாற்றிப் போட்டார். நம் ஊரிலும் அறுவடை இயந்திரத்து டிரைவர்கள் இரவெல்லாம் ஓட்டுகிறார்கள். அவர்களை அவசரப்படுத்தும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் என்ன என்கிறீர்களா? மணிக்கணக்குத்தான். 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.50 டாலர் என்று உயர்த்தினார்கள். கேட்க இனிக்கும். வரி, வாடகை, சாப்பாடு எல்லாம் அதே டாலரில்தான் போகும். மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பருவம் முடிந்தால் வேறு வேலை தேடவேண்டும். நான் கடனில் ஒரு பங்கை அடைத்தேன், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் பெரியப்பா மகன் இதே வேலைக்கென்று ஓர் ஏஜெண்டிடம் நாலு லட்சம் கட்டினான். ஒன்றரை ஏக்கர் அடமானம். வந்த வேலைக் கடிதம் போலி. பணமும் போயிற்று, நிலமும் இன்னும் மீளவில்லை. சகோதரர்களே, தெரிந்துகொள்ளுங்கள்: வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது நியூசிலாந்தில் சட்டவிரோதம். நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட், மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். பதிவு உண்டா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். லட்சக்கணக்கில் கேட்டாலே விலகிவிடுங்கள். "சுற்றுலா விசாவில் போ, அங்கே பார்த்துக்கலாம்" என்று சொல்பவரை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். அந்த விசாவில் அங்கே கூலி வேலை செய்ய முடியாது.

ஊர் திரும்பியதும் ஆசையோடு 2025இல் நானும் ஊறுகாய்ப் புல் போட்டேன். அங்கே பார்த்த மாதிரியே பத்தடி அகலத்துக்குக் குவித்தேன். பாதி வீணாயிற்று. பிழை என்ன தெரியுமா? திறந்த முகத்தை தினமும் அரை அடியாவது வெட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் பட்டுச் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மூணு மாடு எவ்வளவு தின்னும்? இரண்டு விரல் கனம்கூட எடுக்க முடியவில்லை. "ஊரான் அளவுக்குச் சட்டை தைச்சா இப்படித்தான்" என்றார் அப்பா.

ஆகவே என் யோசனை இது. மூணு நாலு மாடு உள்ளவர்கள், உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட மூட்டைகளில் அமுக்கிக் கட்டுங்கள். ஒரு மூட்டையைத் திறந்தால் அது தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம். பத்து மாடு உள்ளவர்கள், அல்லது பக்கத்து வீட்டோடு சேர்ந்து பத்து மாடு கணக்கு வருபவர்கள், ஆறடி அகலம் மூன்றடி உயரத்துக்குப் போட்டு டிராக்டரால் மிதிக்கலாம். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதீர்கள். புதுத் தீனியை முதலில் கொஞ்சமாகக் கொடுத்து, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

இந்த வருஷம் நான் மூட்டைதான் கட்டியிருக்கிறேன். போன வாரம் முதல் மூட்டையைத் திறந்தேன். புளித்த பழ வாசனை அடித்தது. மூணு மாடும் மிச்சம் வைக்கவில்லை. கோடையில் பச்சை கிடைக்காமல் மாட்டை விற்கிற நிலை நம் பக்கத்தில் யாருக்கும் வரக்கூடாது. கதிரை உடைத்துப் பால்கோட்டைப் பாருங்கள், நன்றாக மிதியுங்கள், இறுக மூடுங்கள்.